கராச்சர்மாவில் இருந்து கடலுக்குப் படகை இழுக்க எந்த வண்டி சரி? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வேலை போர்ட் பிளேரில் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்), வீடு கராச்சர்மாவில். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன ஃபைபர் படகு வாங்கலாம் என்று யோசிக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடலாம், கடலில் ஒரு சுற்று போய் வரலாம். தெற்கு அந்தமானில் எந்தப் பக்கம் போனாலும் கடல் வந்துவிடும். ஆனால் படகு நிற்கப்போவது வீட்டு வாசலில். அதை டிரெய்லரில் ஏற்றி, மேடு பள்ளமான ரோட்டில் இழுத்துப் போய், தண்ணீரில் இறக்கி, மாலையில் திரும்ப மேலே ஏற்ற வேண்டும்.

இங்கேதான் பலரும் கேட்கும் கேள்வி வருகிறது: "நம்ம கார் இழுக்குமா?"

கேள்வியைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். சமதளத்தில் ஒரு சின்னப் படகைக் கிட்டத்தட்ட எந்தக் காரும் இழுத்துவிடும். இறக்கத்தில் அதை நிறுத்த முடியுமா? பாசி படிந்த ஈரக் கான்கிரீட் சரிவில் சக்கரம் வழுக்காமல் மேலே ஏற்ற முடியுமா? வண்டியைத் தேர்வு செய்ய வேண்டியது இந்த இரண்டையும் வைத்துத்தான். குதிரைத்திறன் அதற்கு அப்புறம்.

முதலில், இழுக்கத்தான் வேண்டுமா?

படகுக்காகவே ஒரு வண்டி வாங்கும் முன் மற்ற வழிகளையும் பாருங்கள்.

காற்றடைக்கும் ரப்பர் படகு என்றால் டிரெய்லரே தேவையில்லை. சுமார் 3 மீட்டர் நீளப் படகை மடித்து காரின் டிக்கியில் வைக்கலாம். 40 கிலோவுக்குள் அடங்கும் சிறிய அவுட்போர்டு என்ஜினை இரண்டு பேர் தூக்கிவிடலாம்.

பிக்கப்பில் ஏற்றிப் போகலாமே என்றால், அங்கே நீளம்தான் பிரச்சினை. நம்ம ஊரில் 'குட்டி யானை' என்று சொல்லும் டாடா ஏஸின் பின்தட்டு சுமார் 7 அடி. பொலிரோ பிக்கப் மாதிரி வண்டிகளில் 8 முதல் 9 அடி. 14 அடி படகை வைத்தால் பாதிப் படகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவு, அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டும் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம் என்கிறது. பின்னால் வரும் பைக்காரருக்கு ஏற்படும் ஆபத்து தனி.

வருடத்தில் நாலைந்து தடவைதான் படகை எடுப்பீர்கள் என்றால், அன்றைக்கு மட்டும் பொருத்தமான வண்டியை டிரைவரோடு வாடகைக்கு எடுப்பது மலிவு. மாதம் மூன்று நான்கு தடவை என்றால்தான் சொந்த வண்டிக்கு அர்த்தம் இருக்கிறது.

படகின் உண்மையான எடை எவ்வளவு?

விற்பவர் '200 கிலோ' என்று சொல்லும்போது பெரும்பாலும் வெறும் கூட்டின் எடையைத்தான் சொல்கிறார். வண்டிக்குப் பின்னால் வரப்போவது அது மட்டும் இல்லை. 14 அடி ஃபைபர் படகு ஒன்றை உதாரணமாக வைத்துக் கணக்குப் போடுவோம்:

- வெறும் படகு: 200 கிலோ
- 25 குதிரைத்திறன் அவுட்போர்டு என்ஜின்: சுமார் 60 கிலோ
- 40 லிட்டர் பெட்ரோல்: சுமார் 30 கிலோ
- பேட்டரி, நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி: 60 கிலோ
- டிரெய்லர்: 180 கிலோ

கூட்டினால் 530 கிலோ. '200 கிலோ படகு' இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

இதோடு முடியவில்லை. அந்தமானில் வருடத்துக்குச் சுமார் 3,000 மி.மீ மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. மூடாமல் விட்ட படகின் அடியில் இரண்டரை சதுர மீட்டர் பரப்பில் 10 செ.மீ தண்ணீர் தேங்கினாலே 250 லிட்டர், அதாவது 250 கிலோ. இப்போது மொத்தம் 780 கிலோ. அந்தத் தண்ணீர் பிரேக் போட்டால் முன்னாலும், மேடு ஏறினால் பின்னாலும் ஓடும். அதனால் வீட்டில் நிற்கும்போது படகின் வடிகால் மூடியைத் திறந்தே வையுங்கள். கடலில் இறக்கும் முன் மூட மறக்காதீர்கள்.

ஊகம் வேண்டாம். எல்லாவற்றையும் ஏற்றி ஒருமுறை எடை மேடையில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். வண்டியைப் பற்றிய மற்ற எல்லா முடிவும் அந்த எண்ணில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

ஓனர்ஸ் மேனுவல் என்ன சொல்கிறது?

கார் விளம்பரத்தில் டார்க், மைலேஜ், சன்ரூஃப் எல்லாம் இருக்கும். எவ்வளவு எடை இழுக்கலாம் என்பது பெரும்பாலும் இருக்காது. அதை ஓனர்ஸ் மேனுவலில் 'டிரெய்லர் டோயிங்' என்ற பகுதியில் தேட வேண்டும். சிறிய கார்கள் பலவற்றில் 'இந்த வண்டி டிரெய்லர் இழுப்பதற்காக வடிவமைக்கப்படவில்லை' என்றே எழுதியிருக்கும். அப்படி எழுதியிருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். கியர்பாக்ஸோ கிளட்ச்சோ போனால் வாரன்ட்டி கேட்க உங்களிடம் வாதம் இருக்காது.

அளவு கொடுத்திருந்தால், பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பிரேக் உள்ள டிரெய்லருக்கு, இன்னொன்று பிரேக் இல்லாத டிரெய்லருக்கு. பிரிட்டனில் விற்ற மூன்று கதவு சுசுகி ஜிம்னிக்கு அந்த எண்கள் 1,300 கிலோ, 350 கிலோ. அதே வண்டி, அதே என்ஜின். டிரெய்லரில் பிரேக் இல்லை என்றால் அளவு நான்கில் ஒரு பங்குக்குப் போய்விடுகிறது. நம் 530 கிலோ உதாரணம் அந்த 350-ஐத் தாண்டிவிட்டது, கவனியுங்கள்.

இணையத்தில் ஒரு எச்சரிக்கை. ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற பிக்கப்புகள் ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ வரை இழுக்கும் என்று வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அந்த எண் அந்த நாட்டில் விற்கும் மாடலுக்கு, அங்கே பொருத்தும் ஹிட்ச்சுக்கு, பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பெயர் ஒன்றுதான் என்பதால் இந்திய மாடலுக்கும் அதே எண் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்திய மேனுவலில் உள்ளதுதான் கணக்கு. அதில் தெளிவாக இல்லை என்றால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் வாய்வார்த்தையாகச் சொல்லும் 'அதெல்லாம் இழுக்கும் சார்' நாளைக்கு உதவாது.

நிறுத்துவது ஏன் இழுப்பதைவிடக் கஷ்டம்?

கராச்சர்மாவில் இருந்து தெற்கே பர்மாநல்லா, சிடியாதாப்பு பக்கம் போனாலும், மேற்கே வண்டூர் பக்கம் போனாலும் ரோடு நேர்கோடாக இருக்காது. ஏற்றம், இறக்கம், வளைவு, எதிரே பஸ், மழை பெய்தால் வழுக்கல்.

பிரேக் இல்லாத டிரெய்லரின் முழு எடையையும் உங்கள் வண்டியின் பிரேக்தான் தாங்க வேண்டும். ஈரமான இறக்க வளைவில் திடீரென்று பிரேக் போட்டால் பின்னால் இருக்கும் 500 கிலோ நிற்காது. அது வண்டியின் பின்பக்கத்தைத் தள்ளும். வண்டியும் டிரெய்லரும் மடக்கிய கத்தி மாதிரி மடங்கிவிடலாம்.

பிரிட்டனில் இதற்கு எளிய சட்ட வரம்பு வைத்திருக்கிறார்கள். பிரேக் இல்லாத டிரெய்லர் சுமையோடு 750 கிலோ, அல்லது இழுக்கும் வண்டியின் எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. பிரேக் உள்ள டிரெய்லராக இருந்தாலும் புதிதாக ஓட்டுபவர்கள் வண்டி எடையில் 85 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது அங்கே வழக்கமான அறிவுரை. இவை இந்தியச் சட்டம் இல்லை. ஆனால் மேனுவலைத் திறக்கும் முன்பே மனக்கணக்கு போட்டுப் பார்க்க நல்ல அளவுகோல். 1,000 கிலோ ஹேட்ச்பேக்குக்கு இந்தக் கணக்கில் வரம்பு 500 கிலோ. நம் 530 கிலோ இங்கேயும் தாண்டுகிறது.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் குறைந்த கியரில் வண்டியின் என்ஜினே வேகத்தைப் பிடிக்கும்படி ஓட்ட வேண்டும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்.

உண்மையான பரீட்சை: படகு இறக்கும் சாய்தளம்

எட்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாய்தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே உள்ள பகுதி காய்ந்த கான்கிரீட். கீழே கடல் ஏறி இறங்கும் பகுதி முழுக்கப் பாசி. அங்கே டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானக் குணகம் 0.3 என்று வைத்துக்கொள்வோம்.

முன்சக்கரங்கள் இழுக்கும் ஒரு ஹேட்ச்பேக், ஆட்களோடு 1,150 கிலோ. பின்னால் 530 கிலோ. இந்த 1,680 கிலோவைச் சரிவில் மேலே இழுக்க எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 210 கிலோ விசை தேவை. சரிவில் நிற்கும்போது எடை பின்பக்கம் சாயும். ஹிட்ச்சின் மேல் உட்காரும் டிரெய்லர் எடையும் காரின் பின்பக்கத்தை அழுத்தி, முன்பக்கத்தைத் தூக்கும். முன்சக்கரங்களில் மிஞ்சுவது சுமார் 600 கிலோ. அதில் 0.3 பங்கு என்றால் 180 கிலோ விசைதான். தேவை 210, கிடைப்பது 180. சக்கரம் அங்கேயே சுழலும். என்ஜினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

இப்போது அதே இடத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு ஜீப் வகை வண்டி, ஆட்களோடு 1,900 கிலோ. தேவை சுமார் 305 கிலோ விசை. நான்கு சக்கரத்திலும் சேர்த்துக் கிடைப்பது 570. ஏறிவிடும்.

பின்சக்கரம் இழுக்கும் பிக்கப் நடுவில் வருகிறது. சரிவும் ஹிட்ச் எடையும் அதற்குச் சாதகம். ஆனால் காலி பிக்கப்பின் பின்பக்கம் லேசு என்பதால் பாசியில் அதுவும் சுழலலாம். பின்தட்டில் கொஞ்சம் சுமை இருந்தால் பிடிமானம் கூடும்.

நேரமும் முக்கியம். அந்தமானில் கடல் தினமும் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் 2 மீட்டர் வரை போகும். எட்டுக்கு ஒன்று சரிவில் 2 மீட்டர் என்றால், வற்றத்தில் நீங்கள் கூடுதலாக 16 மீட்டர் பாசிக்குள் இறங்க வேண்டும். ஏற்றத்தை ஒட்டி இறக்கி, ஏற்றத்தை ஒட்டியே திரும்ப எடுக்கத் திட்டமிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

வழுக்கல் அதிகம் என்றால் வண்டியைக் காய்ந்த பகுதியிலேயே நிறுத்திவிட்டு, நீளமான உறுதியான கயிற்றால் டிரெய்லரை மட்டும் மேலே இழுக்கலாம். கயிறு இறுகி இருக்கும்போது யாரும் அதன் அருகிலோ டிரெய்லருக்குக் கீழ்ப்பக்கமோ நிற்கக் கூடாது. சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஒருவர் தயாராக இருக்கட்டும். ஓட்டுபவரைத் தவிர மற்றவர்கள் வண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும்.

இந்தத் தீவுகளுக்கே உரிய இரண்டு விஷயங்களும் உண்டு. உப்பங்கழி, ஓடை வாய்களில் உப்புநீர் முதலை இருக்கும். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைத் தள்ளும் வேலை வேண்டாம். இரண்டாவது, 2004 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் சுமார் 1 மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பகுதி வயல்களில் கடல் நீர் புகுந்தது அதனால்தான். ஒரு காலத்தில் படகு இறக்கிய இடம் என்று பெரியவர்கள் சொன்னாலும், இன்றைக்கு அங்கே தரை எப்படி இருக்கிறது என்று வற்றத்தில் நடந்து பார்த்துவிட்டு வண்டியை இறக்குங்கள். அந்த இடத்தில் இறக்க அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள். வண்டூரை ஒட்டிய மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

சரி, எந்த வகை வண்டி?

*ஹேட்ச்பேக், செடான்:* விட்டுவிடுங்கள். ரப்பர் படகு, கயாக் போன்றவற்றுக்கு மட்டும் சரி.

*முன்சக்கர டிரைவ் உள்ள சிறிய எஸ்யூவி:* உயரமாக இருப்பதால் பலசாலி மாதிரி தெரியும். ஆனால் சாய்தளத்தில் ஹேட்ச்பேக்குக்கு வரும் அதே பிரச்சினைதான்.

*லோ ரேஞ்ச் உள்ள சிறிய 4x4:* ஜிம்னி இந்த வகை. பாசிச் சரிவில் நன்றாக ஏறும். ஆனால் வண்டியின் எடை சுமார் 1,200 கிலோதான். ரோட்டில் கனமான டிரெய்லர் அதை ஆட்டிவிடும். லேசான படகுக்கு, டிரெய்லரில் பிரேக் இருந்தால் யோசிக்கலாம்.

*கனமான 4x4:* தார், ஸ்கார்பியோ-என் 4x4 போன்றவை. லேடர் சேசிஸ், லோ ரேஞ்ச், குறைந்த ஆர்.பி.எம்-இல் நல்ல டார்க். 500 முதல் 800 கிலோ வரையான படகு டிரெய்லருக்கு இயல்பாகப் பொருந்தும் வகை இது. ஆனால் மேனுவல் அனுமதித்தால் மட்டும். ஒரே மாடலில் பின்சக்கர டிரைவ் வகையும் விற்கிறார்கள். பழைய வண்டி வாங்கும்போது 4x4 கியர் லீவர் இருக்கிறதா, அது உண்மையில் விழுகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

*4x4 பிக்கப்:* டி-மேக்ஸ் வி-கிராஸ், ஹைலக்ஸ். ஈரமான மீன் பெட்டி, டீசல் வாசம் எல்லாம் பின்னால் போய்விடும். பெரிய படகுக்கு இதுதான். ஆனால் தினமும் ஆபீஸுக்கு ஓட்ட, பார்க்கிங் தேட நீளம் அதிகம்.

கியர்பாக்ஸ் விஷயத்தில், சரிவில் அங்குல அங்குலமாக நகர்த்தும் வேலைக்கு டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் நல்லது. மேனுவல் என்றால் லோ ரேஞ்ச் இருக்கட்டும், இல்லாவிட்டால் கிளட்ச் கருகும். ஏ.எம்.டி வகை இந்த வேலைக்குச் சரிப்படாது. பார்ட் டைம் 4x4 என்றால் காய்ந்த ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் இருசக்கர இழுவைக்கு மாற்றிவிடுங்கள்.

ஹிட்ச்: பம்பரில் இருப்பது எல்லாம் ஹிட்ச் இல்லை

பஞ்சர் கிட்டோடு வரும் திருகு வளையம், ரிப்பேரான வண்டியைக் கொஞ்ச தூரம் இழுக்க மட்டும். அழகுக்காகப் பின்பம்பரில் பொருத்தும் கம்பி எதற்கும் உதவாது. டிரெய்லர் இழுக்க, சேசிஸில் போல்ட் போட்டு மாட்டிய, எடை அளவு பொறித்த ஹிட்ச் வேண்டும்.

பந்தின் அளவையும் பாருங்கள். 50 மி.மீ என்றால் டிரெய்லரின் கப்ளரும் அதற்கானதாக இருக்க வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்தினால் போதும் என்று விட்டால் குழியில் ஏறி இறங்கும்போது கழன்றுவிடலாம். பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போக வேண்டும்.

ஹிட்ச்சின் மேல் அழுத்தும் எடை, மொத்த டிரெய்லர் எடையில் 5 முதல் 10 சதவீதம் இருக்கட்டும். 530 கிலோவுக்கு 27 முதல் 53 கிலோ. குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டும். கூடினால் வண்டியின் முன்பக்கம் தூக்கி, ஸ்டீயரிங் லேசாகிவிடும். வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷின் மேல் ஹிட்ச் உயரத்துக்கு ஒரு கட்டையை நிறுத்தி, அதன் மேல் கப்ளரை வைத்தால் எடை தெரிந்துவிடும். சரியில்லை என்றால் படகையோ ஐஸ் பெட்டியையோ முன்பின் நகர்த்துங்கள்.

சட்டம் என்ன கேட்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறையில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அப்படின்னா அதற்கும் பதிவு வேண்டும் (பிரிவு 39). இழுக்கும் வண்டியின் பதிவு எண் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும் (பிரிவு 61). பொது இடத்தில் ஓட்ட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் (பிரிவு 146).

பட்டறையில் வெல்டிங் செய்து தரும் டிரெய்லர் மலிவாகக் கிடைக்கும். அதற்குப் பதிவு கிடைக்குமா என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே அந்தமான் நிர்வாகத்தின் போக்குவரத்துத் துறையில் கேளுங்கள். ஹிட்ச் பொருத்துவதையும் அங்கேயே கேட்டுவிடலாம். நிறுவனம் கொடுத்த வடிவத்தில் இருந்து வண்டியை மாற்றுவதை 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டியது: டிரெய்லர் இணைத்திருக்கும்போது விபத்து நடந்தால் என் பாலிசி செல்லுமா? டிரெய்லருக்கும் படகுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டுமா? தனியார் கார் பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவது அடங்காது. அதனால் நண்பரின் படகைப் பணம் வாங்கிக்கொண்டு இழுத்துக் கொடுத்தால் சிக்கல்.

உப்புத் தண்ணீர் வண்டியை என்ன செய்யும்?

நீளமாக ஓட்டி வந்ததும் டிரெய்லர் சக்கரத்தின் ஹப் சூடாக இருக்கும். உடனே கடலில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, உப்புத் தண்ணீரைப் பேரிங்குக்குள் இழுத்துக்கொள்ளும். கால் மணி நேரம் ஆறவிட்டு இறக்குங்கள். விளக்குக்கான ஒயரை முதலில் கழற்றுங்கள். திரும்பியதும் டிரெய்லர், பிரேக், வண்டியின் அடிப்பகுதி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கால்வனைஸ் செய்த டிரெய்லர் விலை கூடுதல், ஆனால் பெயின்ட் அடித்த இரும்பைவிடப் பல வருடம் தாங்கும்.

உதிரி பாகங்கள் பெரும்பாலும் சென்னை, கொல்கத்தாவில் இருந்து கப்பலில் வர வேண்டும். அதனால் ஒரு செட் பேரிங், ஒரு ஸ்டெப்னி டயர் கையில் இருக்கட்டும். வண்டியைத் தேர்வு செய்யும்போதும் உள்ளூரில் சர்வீஸ் இருக்கிறதா என்பதைப் பட்டியலில் மேலே வையுங்கள். ஊரில் பார்க்க ஆள் இல்லாத சிறந்த வண்டியைவிட, பார்க்க ஆள் உள்ள நல்ல வண்டி மேல்.

முடிவு எடுக்கும் வரிசை

1. படகு, டிரெய்லர், என்ஜின், சாமான் எல்லாம் சேர்த்து எடை மேடையில் நிறுத்துங்கள்.
2. எங்கே இறக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, வற்றத்தில் அந்தச் சரிவை நடந்து பாருங்கள்.
3. அந்த எடையை இந்திய மேனுவல் அனுமதிக்கும் வண்டிகளை மட்டும் பட்டியல் போடுங்கள்.
4. மொத்த எடை வண்டி எடையில் பாதியை நெருங்கினால் பிரேக் உள்ள டிரெய்லர்தான். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.
5. பதிவு, ஹிட்ச், காப்பீடு மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.
6. முதல் தடவை, படகு இல்லாமல் காலி டிரெய்லரோடு திறந்த மைதானத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பழகுங்கள். டிரெய்லர் இடது பக்கம் போக வேண்டும் என்றால் ஸ்டீயரிங் வலது பக்கம் திருப்ப வேண்டும். அது கைக்குப் பழக ஒரு முழு நாள் ஆகும்.

இந்த வரிசையில் வந்தால், சிலருக்குப் பதில் 4x4 என்று வரும். சிலருக்கு 'லேசான படகு வாங்கு' என்று வரும். எடை மேடை ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் இரண்டில் எது உங்களுக்கு என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.